ஒரு ரன்னுக்கு எத்தனை ஓட்டம்?

இந்த செமஸ்டர்ல மட்டும் நம்ம வாயில எத்தனை தடவை ‘ரன்’ வந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. “கோட் ரன் ஆகுதாடா?” “மோட்டாரை ரன் பண்ணிப் பார்த்தியா?” “மேம் ரன்னிங் நோட்ஸ் குடுக்குறாங்க, சீக்கிரம் எழுது.” “பஸ்ஸை ரன்னிங்ல புடிச்சேன்.” “கடைசி ஓவர்ல 14 ரன் வேணும்.” ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமான ரன். ஆனா ஒருத்தருக்கும் குழப்பம் வர்றதில்ல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்க, தமிழ் மீடியத்துல படிச்சவங்கன்னு இதுல வித்தியாசமும் கிடையாது.

ப்ளேஸ்மென்ட்டுக்குப் படிக்க உட்கார்ந்தா கதை மாறிடுது. வெர்பல் மெட்டீரியல்ல இந்தச் சொல்லுக்குன்னே தனியா ஒரு பக்கம் இருக்கும். ரன் இன்டு, ரன் அவுட், ரன் டவுன், ரன் ஓவர், ரன் த்ரூ, ரன் அப்னு வரிசையா போட்டு, எதிர்ல ஒவ்வொரு அர்த்தம். மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கட்டிலுக்கு மேல சுவத்துல ஒட்டி வச்சிருக்கிற ரூம் எங்க ஹாஸ்டல்லயே ரெண்டு இருக்கு. ராத்திரி படிச்சா காலையில மறந்து போற பக்கம் அது. படிக்கிறவனோட ஞாபக சக்தியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அந்தப் பட்டியலே சரியில்லைங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல இந்தச் சொல் எவ்வளவு பெரிய ஆளுன்னு பார்த்துடலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884-லிருந்து பகுதி பகுதியாக வெளிவந்து 1928-ல் முழுமையடைந்தது. அந்தப் பதிப்பில் அதிக இடத்தை அடைத்துக்கொண்ட சொல் ‘செட்’. ரொம்ப வருஷம் அந்தப் பட்டம் அதுகிட்டதான் இருந்துச்சு. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும் வேலை நடந்தபோது, பீட்டர் கில்லிவர் என்கிற அகராதி ஆசிரியர் ‘ரன்’ங்கிற ஒரே சொல்லைக் கையில வச்சுக்கிட்டு ஒன்பது மாசம் உட்கார்ந்தார். வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம் தேறுச்சு. 2011-ல் இது பத்திரிகைகளில் செய்தியாகவே வந்தது. பழைய சாம்பியன் இறங்கிட்டார், புது சாம்பியன் ஏறிட்டார்.

இது ஏன் நடந்ததுன்னு ஊகிக்கிறது கஷ்டம் இல்ல. அந்த முதல் பதிப்புக்கு அப்புறம் உலகத்துல எதெல்லாம் பெருகியிருக்குன்னு பாருங்க. மோட்டார், பஸ் ரூட், சினிமா, ஃபேக்டரி, கம்ப்யூட்டர். எல்லாமே ‘ரன்’ ஆகுற சாமான்.

645-ஐப் பார்த்து மிரள வேண்டாம். அகராதிக்காரங்க ரொம்பப் பொடிப்பொடியா பிரிப்பாங்க. அதை ஒரு மரம்னு வச்சுக்கிட்டா, பெரிய கிளை நாலஞ்சுதான். காலால ஓடுறது ஒண்ணு. தண்ணி மாதிரி வழிஞ்சு போறது ஒண்ணு. மெஷின் இயங்குறது ஒண்ணு. ஒரு இடத்துல ஆரம்பிச்சு இன்னொரு இடம் வரைக்கும் நீளுறது ஒண்ணு. விடாம தொடர்ந்து வர்றது ஒண்ணு. இதுல பாதிக்கு மேல நமக்குப் பொறந்ததுலேருந்தே தெரியும், ஏன்னா நம்ம ‘ஓடு’ங்கிற வினைச்சொல்லும் கிட்டத்தட்ட இதே வழியிலதான் போயிருக்கு.

மோட்டார் ஓடுது. கடிகாரம் ஓடுது. ஆத்துல தண்ணி ஓடுது. உடம்புல ரத்தம் ஓடுது. சேலம் ரூட்ல அந்த பஸ் இப்போ ஓடுறதில்ல. அந்த ஏரியாவுல கடை ஓடாது. சம்பளம் வராம குடும்பம் எப்படி ஓடும்? உன் மனசுல என்ன ஓடுது? ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாங்க. இதுல முக்கால்வாசியை அப்படியே ‘ரன்’ போட்டு இங்கிலீஷ்ல சொல்லிடலாம். சினிமாவும் அப்படித்தான். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மெட்ராஸ்ல மூணு தீபாவளி பார்த்த படம்னு தாத்தா பாட்டிங்க சொல்வாங்க. அது ‘ஓடிய’ படம். இங்கிலீஷ்லயும் படம் ‘ரன்’ ஆகும். ரெண்டு மொழியும் பேசி வச்சுக்கிட்டது இல்ல. நகர்ந்துகிட்டே இருக்கிற எதைப் பார்த்தாலும் மனுஷனுக்கு ஓட்டம்தான் ஞாபகம் வரும் போல.

ஆக, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் ‘ரன்’னைப் புதுசா கத்துக்க வேண்டியதே இல்ல. எங்கே ‘ஓடு’ கூட வருது, எங்கே பிரிஞ்சு போகுதுன்னு பார்த்தா போதும். பிரியுற இடத்தை மட்டும் படிச்சா போதும். நம்ம ஜெராக்ஸ் பக்கத்துல இந்தப் பிரிவே கிடையாது. ஏற்கெனவே தெரிஞ்சதையும் தெரியாததையும் ஒரே மூட்டையில கட்டித் தலையில வைக்குது.

பிரியுற முதல் இடம் ரொம்ப சுவாரசியமானது. கொஞ்சம் இலக்கணம் வரும், பொறுத்துக்கோங்க.

‘தி மோட்டார் ரன்ஸ்’ன்னா மோட்டார் ஓடுது. ‘ஐ ரன் தி மோட்டார்’ன்னா நான் மோட்டாரை ஓட்டுறேன். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ரன். தமிழ்ல அது நடக்காது. தானா செஞ்சா ஓடு, செய்ய வச்சா ஓட்டு. ‘ட்’ ரெட்டிச்சா பொறுப்பு வேற ஆள் கைக்குப் போயிடுது. இது ஓடுக்கு மட்டும் இல்ல. மாவு ஆடாது, நாமதான் ஆட்டணும். மாறு-மாற்று, ஏறு-ஏற்று, உருள்-உருட்டு, சுழல்-சுழற்று. எட்டாம் வகுப்புல தன்வினை பிறவினைன்னு படிச்சு, அன்னிக்கே மறந்த சமாச்சாரம்.

இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இந்த ஏற்பாடு இருந்துச்சு. பழைய ஆங்கிலத்துல ஓடுறதுக்கு ஒரு சொல், ஓட வைக்கிறதுக்கு இன்னொரு சொல்லுன்னு தனித்தனியா இருந்து, காலப்போக்குல ரெண்டும் ஒண்ணா கலந்துதான் இன்னிக்கு இருக்கிற ‘ரன்’ வந்தது. ஜெர்மன் கிளாஸ் போறவங்க இதைச் சுலபமா சரிபார்க்கலாம். அங்கே ‘ரின்னன்’னா வழியுறது, ‘ரென்னன்’னா ஓடுறது, ரெண்டாவது சொல் ஆதியில முதல் சொல்லோட பிறவினை. இங்கிலீஷ்லயும் இந்தப் பழக்கத்தோட மிச்சம் அங்கங்கே கிடக்கு. மரம் விழுந்தா ‘ஃபால்’, மரத்தை வெட்டிச் சாய்ச்சா ‘ஃபெல்’. நம்ம பழைய சாம்பியன் ‘செட்’ யாருன்னு நினைக்கிறீங்க? ‘சிட்’டோட பிறவினைதான். உட்கார வைக்கிறதுதான் செட். ரெண்டு சாம்பியனும் ஒரே பட்டறையில அடிச்ச சாமான்!

‘ரன்’னுக்கு அர்த்தம் இப்படிக் குவிஞ்சதுக்கு ஒரு காரணம் இதுதான். ரெண்டு சொல்லோட சுமையை ஒரே சொல் தூக்குது. அதனால இங்கிலீஷ் வாக்கியத்துல ‘ரன்’னைப் பார்த்ததும் அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் தேறாது. அதுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க. ஒண்ணும் வரலன்னா பெரும்பாலும் ஓடு. ஒரு பொருள் வந்தா ஓட்டு வகை. அந்தப் பொருள் மெஷினா, கம்பெனியா, டெஸ்ட்டா, செய்தியாங்கிறதுதான் அர்த்தத்தை முடிவு பண்ணும்.

ஓட்டு வகைன்னு சொன்னேனே தவிர, தமிழ்ல எல்லாத்தையும் ஓட்ட முடியாது. ஹாஸ்டல் பாஷையில ஒருத்தனை ஓட்டுறதுன்னா கலாய்க்கிறது. கடையை ஓட்டுறதுன்னா ஏதோ தட்டுத்தடுமாறி நாளைத் தள்ளுறது. கூட்டமே வராத கடையில ஈ ஓட்டுவாங்க. மரியாதையா சொல்லணும்னா, ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’னா அவங்க பள்ளிக்கூடம் நடத்துறாங்க. நடத்துன்னா என்ன? ‘நட’வோட பிறவினை. வெள்ளைக்காரன் ஸ்கூலை ஓட வைக்கிறான், நாம நடக்க வைக்கிறோம். அரசு பஸ்ல ஏறினா ரெண்டுமே கண்ணுக்கு முன்னாடி நிக்கும்: முன்னாடி ஓட்டுநர், பின்னாடி நடத்துநர். ஒருத்தர் ஓட வைக்கிறார், ஒருத்தர் நடக்க வைக்கிறார், அதே பஸ்ஸை! இதோட நிறுத்தியிருக்கலாம், ஆனா டிரிபிள்ஈ பசங்களுக்காக ஒண்ணு. பஸ் கண்டக்டர் நடத்துநர், கரண்ட் கண்டக்டர் கடத்தி. அது ‘கட’வோட பிறவினை. எலக்ட்ரானைக் கடக்க வைக்குது. சரக்கை பார்டர் தாண்டிக் கடத்துறவங்களுக்கும் நாம அதே வினையைத்தான் குடுத்திருக்கோம். இங்கிலீஷ்ல துப்பாக்கி கடத்துறதுக்கு என்ன வினை தெரியுமா? ‘ரன்’தான்.

சரி, லேபுக்கு வருவோம். நம்ம துறைகள்ல இந்தச் சொல் பண்ற அட்டகாசத்தை யாரும் சேர்த்து வச்சுப் பார்க்கிறதில்ல.

‘ரன் அவுட்’னு மெக்கானிக்கல் பையன்கிட்ட சொன்னா அவன் டயல் கேஜை எடுப்பான். ஷாஃப்ட்டை வி-பிளாக்ல வச்சு ஒரு சுத்து சுத்தும்போது முள் எவ்வளவு ஆடுதோ, அந்த விலகல்தான் ரன் அவுட். கிரிக்கெட் டீம்ல இருக்கிறவன்கிட்ட சொன்னா ஸ்டம்ப் தெறிக்கும். பைக் வச்சிருக்கிறவன்கிட்ட சொன்னா பெட்ரோல் தீர்ந்துடும். ‘ரன்னர்’னா ஃபவுண்டரியில உருகின உலோகம் ஸ்ப்ரூவிலிருந்து அச்சுக்குப் போற வாய்க்கால். அதே சொல் ஹைட்ராலிக்ஸ் லேப்ல பெல்டன், ஃபிரான்சிஸ், கப்லான் டர்பைனோட சுழலுற பாகம். பம்ப்புல கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற பாகத்துக்குப் பேரு இம்பெல்லர். ஏன் இப்படிப் பிரிச்சாங்கன்னு என்னைக் கேட்காதீங்க. சிவில்ல மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம மேலேயே வழிஞ்சு போனா ரன் ஆஃப். எஸ்டிமேஷன்ல காம்பவுண்டு சுவத்தை அளக்கிறது ரன்னிங் மீட்டர். இங்கே ஓட்டமே இல்ல, நீளம் மட்டும்தான். ‘தி பைப் ரன்ஸ் அலாங் தி வால்’னா பைப் நகரலை, சுவர் ஓரமா போகுது. ‘ரோடு எங்கே போகுது’ன்னு நாமளும்தான் கேட்கிறோம், ரோடு எங்கேயும் போறதில்ல.

இசிஇ-ல ‘ரன்-லெங்த் என்கோடிங்’ படிச்சிருப்பீங்க. ஃபேக்ஸ் மெஷின் ஒரு வரியைப் பார்க்கும்போது வெள்ளை, வெள்ளை, வெள்ளைன்னு நாற்பது தடவை எழுதாம ‘வெள்ளை 40, கறுப்பு 6’ன்னு சுருக்கிடும். இந்த ‘ரன்’ தொடர்ச்சிங்கிற கிளை. தொடர்ந்து ஏழு மேட்ச் ஜெயிச்ச டீமுக்குச் சொல்ற ‘வின்னிங் ரன்’னும் இதே கிளைதான். கோட்பாடு வேற, ஆனா மரம் ஒண்ணு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி ‘ட்ரை ரன்’. சிஎஸ்இ-காரங்களுக்கு இது நல்ல பழக்கம். கோடை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒவ்வொரு வரியா போட்டுப் பார்க்கிறது, ஐ-க்கு என்ன மதிப்பு, ஜே-க்கு என்ன மதிப்புன்னு. முதல் வருஷ லேப்ல ட்ரை ரன் பண்ணாதவனுக்குத் திட்டு விழும். ஆனா விவசாயி வீட்டுல ட்ரை ரன்னா வயித்துல புளியைக் கரைக்கும். போர்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடுறதுதான் அது. உள்ளே இருக்கிற மோட்டாரைக் குளிர வைக்கிறதே சுத்தி இருக்கிற தண்ணிதான். சீலுக்கும் பேரிங்குக்கும் அதுதான் வழவழப்பு குடுக்குது. தண்ணி இல்லைன்னா சூடேறி, காயில் வெந்து, மோட்டாரை மேலே தூக்க ஆளும் கப்பியும் தேடி, ரீவைண்டிங் கடையில கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான். ஒரு இடத்துல பண்ணலைன்னா திட்டு, இன்னொரு இடத்துல பண்ணினா நஷ்டம்.

என் ரூம்மேட்டோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இந்த இரண்டாவது ட்ரை ரன்தான். ஊர் முசிறி பக்கம், பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அவங்க அப்பா ரெண்டு தடவை மோட்டாருக்குக் காயில் கட்டினவர். தண்ணி இல்லாம ஓடும்போது மோட்டாருக்குச் சுமை குறையும், சுமை குறைஞ்சா இழுக்கிற கரண்டும் குறையும். அதை ஒரு கரண்ட் சென்சாரால கண்டுபிடிச்சு, சில நொடி பொறுத்துப் பார்த்துட்டு, ரிலேயை விட்டு மோட்டாரை நிறுத்தணும். நிறுத்தினதும் போனுக்கு மெசேஜ் போகணும். இந்த மாதிரி பேனல் கடையில கிடைக்குதேன்னு கேட்பீங்க. கிடைக்குது. இவன் பண்ணினது, போர்ல தண்ணி ஊற எவ்வளவு நேரம் ஆகுதுன்னு முந்தைய நாள் கணக்கை வச்சுப் பார்த்து, அடுத்து எப்போ மோட்டார் போடலாம்னு சொல்ற பகுதி. அதை அவன் எனக்குத் தமிழ்ல விளக்கினப்போ பத்து நிமிஷத்துல புரிஞ்சுது.

கேம்பஸ் இன்டர்வியூல பேனல்ல இருந்தவர் சிரிச்ச முகமாத்தான் கேட்டிருக்கார்: “கேன் யூ ரன் மீ த்ரூ யுவர் ப்ராஜெக்ட்?” இவன் காதுல ‘ரன்’னும் ‘ப்ராஜெக்ட்’டும்தான் விழுந்துச்சு. ப்ராஜெக்ட்டை ரன் பண்ணிக் காட்டச் சொல்றார்னு நினைச்சு, “சார், கிட் லேப்ல இருக்கு, இங்கே ரன் பண்ண முடியாது”ன்னு இங்கிலீஷ்ல பதில் சொல்லியிருக்கான். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அடுத்த கேள்வி ப்ராஜெக்ட்டைப் பத்தி இல்ல, “எனி அதர் ஹாபீஸ்?” அவ்வளவுதான். பின்னாடி வந்த ஃபீட்பேக்ல ‘கம்யூனிகேஷன்’னு ஒரே வார்த்தை.

அவன் சொன்ன பதில்ல தர்க்கப் பிழை எதுவும் இல்லைங்கிறதை கவனிங்க. நாலு வருஷமா லேப்ல ‘ரன்’னுக்கு நாங்க எல்லாரும் கத்துக்கிட்ட அர்த்தம் அதுதான். சர்க்யூட்டை ரன் பண்ணு, சிமுலேஷனை ரன் பண்ணு. அந்த அறையில உட்கார்ந்திருந்தவங்கள்ல ‘ட்ரை ரன்’னை வீட்டு வாசல்லயே பார்த்தவன் அவன் ஒருத்தன்தான் இருந்திருப்பான். அந்தச் சொல்லுக்குள்ள அவங்களுக்குத் தெரியாத அறை ஒண்ணு இவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாத அறை ஒண்ணு அவங்களுக்குத் தெரியும். மார்க் போட்டது மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான். இதுல எனக்கு இன்னும் கோபம் தீரல. கேள்வியை வேற மாதிரி ஒரு தடவை கேட்டிருந்தா பத்து செகண்டுதான் செலவாகியிருக்கும். அவன் இப்போ வேற கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணிக்கிட்டு இருக்கான். ப்ராஜெக்ட் அவங்க அப்பா மோட்டார்ல மாட்டியாச்சு.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வகை ரன்களை எப்படிப் பிடிக்கிறதுன்னு பார்ப்போம். வினையை விட்டுட்டு, பின்னாடி வர்ற சின்னச் சொல்லைப் பிடிங்க. ‘த்ரூ’ன்னா ஒரு முனையில நுழைஞ்சு மறு முனையில வெளியே வர்றது. அதனால ‘ரன் மீ த்ரூ’ன்னா முதல்லேருந்து கடைசி வரைக்கும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போ, அதாவது விளக்கிச் சொல்லு. ‘அவுட்’னா உள்ளே இருந்தது வெளியே போயிடுச்சு: பெட்ரோல், நேரம், பொறுமை, எல்லாமே தீர்ந்துபோகும். ‘இன்டு’ன்னா போற வழியில முட்டிக்கிறது. ஆளா இருந்தா தற்செயலா சந்திச்சோம், பிரச்சினையா இருந்தா மாட்டிக்கிட்டோம், லாரியா இருந்தா ஆம்புலன்ஸ். ‘ஓவர்’னா மேலே ஏறிப் போறது. வண்டி ஏறினா விபத்து, மீட்டிங் ஏறினா குறிச்ச நேரத்தைத் தாண்டிடுச்சு. ‘அப்’னா ஏறுறது. மெஸ் பாக்கி ஏறிடுச்சுன்னு நாமளும் ஏத்தத்தைத்தானே சொல்றோம்.

‘டவுன்’ கொஞ்சம் வம்பு பிடிச்சது. பழைய சாவி குடுக்கிற கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. ஸ்பிரிங் தளர்ந்து தளர்ந்து கடைசியில நின்னுடும். அது ‘ரன் டவுன்’. அங்கேருந்து பேட்டரிக்கு வந்து, சோர்ந்துபோன மனுஷனுக்கு வந்து, பாழடைஞ்ச கட்டடத்துக்கும் போயிடுச்சு. ஆனா ஒருத்தரை ‘ரன் டவுன்’ பண்றதுன்னா மட்டம் தட்டுறது. வண்டியால பண்ணினா இடிச்சுத் தள்ளுறது. இதுல எதுன்னு பக்கத்து வார்த்தைதான் சொல்லும்.

‘பை’ன்னு வந்தா ஆபீஸ் இங்கிலீஷ். ‘ரன் இட் பை மீ’ன்னா எதையும் இயக்க வேண்டாம். வெளியே அனுப்புறதுக்கு முன்னாடி என் கண்ணுல ஒரு தடவை காட்டு, அவ்வளவுதான்.

சின்னச் சொல்லே இல்லாம பிரியுற இடங்களும் உண்டு, அது கொஞ்சம்தான். மூக்கு இங்கிலீஷ்ல ஓடும், தமிழ்ல ஒழுகும். காய்ச்சலை அவங்க ‘ரன்’ பண்ணுவாங்க, நமக்கு அது அடிக்கும். புதுச் சட்டையைத் துவைச்சா அவங்க ஊர்ல சாயம் ஓடும், இங்கே போகும். எலெக்‌ஷன் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுல வேட்பாளர் ‘ரன்’ பண்றார், இங்கிலாந்துல ‘ஸ்டாண்ட்’ பண்றார். நம்ம ஊர்லயும் நிக்கத்தான் செய்றார்.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தா ‘ரன் டைம்’னு ஒரு சொல் இருக்கு. அல்காரிதம் வகுப்புல அது எவ்வளவு நேரம் எடுக்குதுங்கிற கணக்கு. ‘ரன் டைம் எரர்’ல அது எவ்வளவு நேரம்ங்கிறது இல்ல, எந்தக் கட்டம்ங்கிறது; கம்பைல் ஆகும்போது தப்பிச்சு, ஓடும்போது மாட்டின பிழை. ஜாவா ரன் டைம்னா நேரமும் இல்ல, கட்டமும் இல்ல. புரோகிராம் ஓடுறதுக்குத் தேவையான மொத்த ஏற்பாடு. சினிமாக்காரங்ககிட்ட கேட்டா ரன் டைம் ரெண்டே முக்கால் மணி நேரம்னுவாங்க. ஜாவாலயே இன்னொரு பொறி இருக்கு, இன்டர்வியூல கேட்கிறது. ஒரு த்ரெட்டை உருவாக்கி அதோட ‘ரன்’ மெத்தடை நேரடியா கூப்பிட்டா புது த்ரெட் கிளம்பாது, இருக்கிற த்ரெட்லயே சாதாரண மெத்தட் மாதிரி ஓடி முடிஞ்சுடும். தனியா கிளம்பணும்னா ‘ஸ்டார்ட்’டைக் கூப்பிடணும். ஓடுன்னு சொன்னா கிளம்பாத ஒரே ஆள் அவர்தான்.

ஓடாமலே ஓட்டம்னு ஒண்ணு உண்டு. கிரிக்கெட்ல ரன்னுங்கிறது ஆதியில நிஜமாவே 22 கஜம் ஓடிச் சம்பாதிக்கிறது. அதை எண்ண குச்சியில வெட்டு போட்டுக்கிட்டு இருந்ததால பழைய காலத்துல ‘நாட்ச்’னே சொல்லியிருக்காங்க. இன்னிக்கு சிக்ஸர் அடிச்சவர் நின்ன இடத்துலேருந்து நகராம ஆறு ‘ரன்’ எடுக்கிறார். பேங்க்ல பணம் போட்டவங்க பயந்துபோய் எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க ஓடினா அது ‘பேங்க் ரன்’. 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் பேங்கையே மூடிட்டாங்க. ஓடினவங்க பெரும்பாலும் நாற்காலியில உட்கார்ந்து போனைத் தட்டினவங்கதான்.

இன்டர்ன்ஷிப் போனவங்களுக்குக் காலையில இப்படி ஒரு மெயில் வந்திருக்கும்: “ரன்னிங் எ பிட் லேட். ஹேவ் ரன் இன்டு அன் இஷ்யூ வித் தி சர்வர். ப்ளீஸ் ரன் தி நம்பர்ஸ் அண்ட் ரன் தெம் பை மீ பிஃபோர் வி ரன் அவுட் ஆஃப் டைம்.” கீழே பார்க்காம நீங்களே ஒரு தடவை தமிழ்ல சொல்லிப் பாருங்க.

எனக்கு வந்தது இது: “வர கொஞ்சம் லேட் ஆகும். சர்வர்ல ஒரு சிக்கல் முளைச்சிருக்கு. கணக்கைப் போட்டு, நேரம் தீர்றதுக்குள்ள என் கண்ணுல காட்டிடுங்க.” அங்கே அஞ்சு ரன். இங்கே ஒரு ஓட்டம்கூட இல்ல.